வேலூர்ப் பக்கத்து ஏரிகளில் ராடு போட்டு விரால் பிடிப்பது எப்படி

வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இருந்துகொண்டு ராடும் ரீலும் வாங்க நினைக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஆசை வருவதே சால்மன், டிரவுட் வீடியோக்களைப் பார்த்துத்தான். பார்க்க அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டும் நம் தண்ணீருக்கு வராத மீன்கள். டிரவுட்டுக்கு வருஷம் முழுக்கக் குளிர்ந்து ஓடுகிற தண்ணீர் வேண்டும், 20 டிகிரிக்கு மேலே போனாலே அதற்குச் சிரமம்தான். தமிழ்நாட்டில் அது இருப்பது நீலகிரி மலை உச்சியில், அவலாஞ்சி மாதிரி இடங்களில், அதுவும் வெள்ளைக்காரர்கள் வெளியே இருந்து கொண்டுவந்து விட்ட வகை. சால்மன் குளிர்நாட்டு ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆறு ஏறி வருகிற மீன். மீன் மார்க்கெட்டில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது நம்ம காலா மீன், அதற்கும் சால்மனுக்கும் எந்த உறவும் இல்லை.

சரி, நமக்கு என்ன இருக்கிறது? விரால். தவளையைத் துரத்தி வந்து தண்ணீர் கிழிகிற மாதிரி அடிக்கிற மீன், அடித்த அடுத்த நொடியே கொடிக்குள் புகுந்துகொள்ளப் பார்க்கிற மீன். வட ஆற்காட்டு ஏரிகளில் அல்லியும் கோரையும் சம்பும் இருக்கிற இடமெல்லாம் அதற்கு வீடு. இதை ராடு போட்டுப் பிடிக்கக் கற்றுக்கொண்டவர் உலகத்தில் எந்தத் தண்ணீருக்கும் தைரியமாகப் போகலாம் என்பது என் நம்பிக்கை. ஏனென்றால் இங்கே மீனைத் தேடவும், காத்திருக்கவும், கடைசியில் விடவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் வேலை அனுமதி. இதைத் தாண்டிக் குதித்துவிட்டு எதையும் செய்யாதீர்கள். நம் ஏரிகளில் பெரும்பாலானவற்றில் மீன் பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கிற உரிமைக்கு ஏலம், விட்டிருப்பார்கள். பெரிய ஏரி நீர்வளத்துறையிடம் இருக்கும், சின்னது ஊராட்சி அல்லது ஒன்றியத்திடம் இருக்கும், குத்தகை எடுத்தவர் காசு போட்டு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவர் பணம் தண்ணீருக்குள் நீந்திக்கொண்டிருக்கும்போது நாம் பாட்டுக்குக் கரையில் நின்று வீசினால் சண்டை வராமல் என்ன செய்யும்? போன உடனே ராடைப் பிரிக்காமல் டீக்கடையிலோ ஏரிக்கரைக் காவலுக்கு இருப்பவரிடமோ கேளுங்கள். "அண்ணா, ஏரிய யாரு எடுத்துகீறாங்க?" என்றால் போதும், ஆளைக் காட்டிவிடுவார்கள். "இன்னா மீனுக்கு வந்துகீற தம்பி?" என்று அவர் கேட்பார். விராலுக்கு மட்டும், போலி இரையான ரப்பர் தவளையில் மட்டும், வலை எதுவும் கொண்டுவரவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். விரால் மற்ற மீன் குஞ்சுகளைத் தின்கிற மீன் என்பதால் சிலர் சிரித்துக்கொண்டே போடச் சொல்லிவிடுவார்கள். சிலர் ஒரு தொகை கேட்பார்கள், கொடுப்பது நியாயம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அடுத்த ஏரிக்கு வண்டியை விடுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு லைசென்ஸ் எடுக்காமல் ஒருவரும் தண்ணீர்ப் பக்கம் போக முடியாது. நம் ஊரில் அந்த லைசென்ஸுக்குப் பதில் இந்த ஒரு பேச்சு.

எங்கே போவது என்பதற்கு என் கணக்கு இது. பெரிய தண்ணீர் வேண்டுமென்றால் காவேரிப்பாக்கம் ஏரி, பல்லவர் காலத்து ஏரி, வாலாஜா பக்கம் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. கரை நீளமாக இருப்பதால் முதல் தடவை போகிறவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் திணறுவார். அதே பாலாற்றுத் தண்ணீரில் நிறைகிற மகேந்திரவாடி ஏரியும் நல்ல இடம். மகேந்திரவர்மன் பெயரில் அமைந்த ஏரி, பக்கத்திலேயே அவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது, மீன் கிடைக்காத வெயில் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் கற்றுக்கொள்வதற்கு நான் சொல்வது உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய ஒரு சின்ன ஊர் ஏரி. ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் தண்ணீர் ஏறும்போதும் இறங்கும்போதும் மீன் எங்கே நகர்கிறது என்று புரியும்.

மோர்தானா அணைப் பக்கம் போகிறவர்கள் யானையை மறக்காதீர்கள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் கவுண்டன்யா சரணாலயம், அங்கேயிருந்து யானைகள் குடியாத்தம் பக்கத்து நிலங்களுக்கு வந்து போகும். விடியற்காலை இருட்டில் அந்த வழியில் பைக்கில் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாத்தனூர் அணை பழைய வட ஆற்காட்டில்தான் இருந்தது, இப்போது திருவண்ணாமலை மாவட்டம். 1958இல் தென்பெண்ணையின் குறுக்கே கட்டியது. அங்கே மீன்வளம் அரசின் மீன்வளர்ச்சிக் கழகத்தின் கையில், கேட்காமல் ராடை எடுக்கக் கூடாது. தண்ணீரில் முதலையும் உண்டு, அதனால் காலை நனைக்கவே வேண்டாம். வேலூர்க் கோட்டை அகழியில் மீன் துள்ளுவதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: அது தொல்லியல் துறையின் இடம், விட்டுவிடுங்கள்.

பாலாற்றைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு இந்த ஆற்றில் கலந்த கதை ஊருக்கே தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன விஷயம். அந்தப் பகுதியில் ஆற்றுக்குட்டையிலோ கழிவு வந்து சேர்கிற ஏரியிலோ மீன் கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தண்ணீரில் நுரை நின்றால், வாடை அடித்தால், அங்கே தூண்டிலே போட வேண்டாம்.

காலம் என்று பார்த்தால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்த பிறகு வருகிற தை, மாசி, பங்குனி மாதங்கள்தான் நமக்குத் தங்கமான நாட்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி கோடி போகும்போது மீன் எதிரேறிப் போய்க்கொண்டிருக்கும், தண்ணீரும் கலங்கலாக இருக்கும், ரப்பர் தவளை அதன் கண்ணில் படாது. 2021 நவம்பரில் பாலாறு பொங்கிய மாதிரி வெள்ளம் வந்தால் கரைப்பக்கமே போகக் கூடாது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் சுருங்கி மீன் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். பிடிப்பது சுலபம், ஆனால் அது ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கிடக்கிற மீன் என்பதால் எனக்கு அதில் மனசு போவதில்லை. ஏரி முழுக்கக் காய்ந்தாலும் விரால் அடிச்சேற்றுக்குள் புதைந்து கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அடுத்த மழையில் 'யாருமே விடாமல் மீன் எங்கேயிருந்து வந்தது' என்று ஊரில் ஆச்சரியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். நேரம்? விடிவதற்கு முன்னால் கரையில் நின்றிருக்க வேண்டும், எட்டரை ஒன்பதுக்குக் கிளம்பிவிட வேண்டும். இல்லையென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேலே. நடுவில் வேலூர் வெயிலில் நின்று வீசுவது உங்களுக்கும் கெடுதல், மீனும் வராது.

இப்போது சாமான். ஆறரை அல்லது ஏழு அடி ராடு, மீடியம் ஹெவி வகை, நுனி ரொம்ப வளையாததாக இருக்கட்டும். 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, என்றால் பலருக்குத் தங்கூசி என்கிற ஒற்றை இழை நைலான்தான் ஞாபகம் வரும், ஆனால் கொடிக்குள்ளிருந்து விராலை இழுக்கத் தங்கூசி சரிப்படாது, அது இழுபடும், அடிக்கும்போது கொக்கி ஏறாது. பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, 30 முதல் 40 பவுண்டு வாங்குங்கள். ராடு விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, நரம்பிலும் கொக்கியிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தவளை என்றால் உள்ளே காற்று நிரம்பிய ரப்பர் தவளை, முதுகோடு ஒட்டி இரண்டு கொக்கி இருக்கும், அல்லி இலை மேலே இழுத்தாலும் மாட்டாது, மீன் கடித்து ரப்பர் அமுங்கும்போதுதான் கொக்கி வெளியே வரும். உயிருள்ள தவளையைக் கோர்த்துப் போடுகிற பழக்கத்தை விட்டுவிடலாம், ரப்பரிலேயே நன்றாக அடிக்கும். மூக்கு நீளமான இடுக்கி ஒன்று, நரம்பு வெட்டக் கத்தரி, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கணுக்கால் மூடுகிற ஷூ, ஒரு டார்ச். அவ்வளவுதான்.

வீட்டிலேயே இரண்டு வேலை முடித்துவிட்டுப் போங்கள். ஒன்று, கொக்கி நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்து நிற்கிற சின்ன முள்ளை இடுக்கியால் அமுக்கி மட்டமாக்கிவிடுவது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு இது சட்டம். நமக்குச் சட்டம் கிடையாது, ஆனால் மீன் வாய் கிழியாமல் கொக்கி வந்துவிடும், உங்கள் விரலில் ஏறினாலும் டாக்டர் வீட்டுக்கு ஓட வேண்டாம். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது. இரண்டாவது, முடிச்சு. பின்னல் நரம்பு வழுக்கும், சாதாரண முடிச்சு அவிழ்ந்துவிடும். நரம்பை இரண்டாக மடித்து அந்த மடிப்பைத் தவளையின் வளையத்துக்குள் நுழைத்து, மடிப்போடு ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மடிப்பை விரித்து அதற்குள் தவளையை முழுசாக நுழைத்து வெளியே எடுத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். பலோமர் முடிச்சு என்று பெயர். டிவி பார்த்துக்கொண்டே கை பழகிவிடும்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும் கை பரபரக்கும். வீசாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா நின்று தண்ணீரைப் பாருங்கள். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, நேரடியாகக் காற்றைக் குடிக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். அதனால் எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும் மேலே வந்தே தீரும். அல்லி இலை இரண்டுக்கு நடுவில் இருக்கிற கையகலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருங்கள். கறுப்பாக ஒரு மூக்கு நுனி மட்டும் தெரியும், 'சப்' என்று ஒரு சத்தம், அது கீழே போன பிறகு ஒரு சின்ன வட்டம் விரியும், அப்புறம் நாலைந்து குமிழி. கெண்டை துள்ளினால் தண்ணீர் சிதறும், ஜிலேபி மீன் மேய்ந்தால் இலை படபடவென்று ஆடும். விரால் மூச்செடுக்கும்போது இரண்டும் நடக்காது, அந்த அடக்கத்தை வைத்தே அடையாளம் தெரிந்துகொள்ளலாம். குஞ்சு மீன் அடிக்கடி மேலே வரும், பெரியது நிதானமாக வரும். இதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பார்த்த இடத்திலேயே தவளையைத் தொப்பென்று போட்டால் மீன் ஓடிவிடும். அதைத் தாண்டி ஐந்தாறு அடி தள்ளி, இலை மேலேயே விழும்படி வீசுங்கள். விழுந்ததும் அலை அடங்கட்டும். அப்புறம் ராடு நுனியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு சின்னச் சின்னதாக வெட்டி இழுங்கள். இலை மேலிருந்து திறந்த தண்ணீருக்கு இறங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். மூன்று நொடி, நாலு நொடி. பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடிக்கும். சீமைக் கருவேல மரம் தண்ணீரில் மூழ்கி நிற்கிற இடம், காட்டாமணக்குப் புதரின் ஓரம், மதகுக்குப் பக்கத்து நிழல், வரத்துக் கால்வாய் ஏரியில் வந்து சேர்கிற வாய், இங்கெல்லாம் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு வீச்சு போட்டுப் பாருங்கள். திறந்த நடு ஏரியில் தூரமாக வீசுவது வீடியோவுக்கு நன்றாக இருக்கும், விராலுக்கு உதவாது.

அடித்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 'பொளேர்' என்று தண்ணீர் வெடித்ததும் யாருக்கும் கை தானாக மேலே போகும். அப்படி இழுத்தால் தவளை மட்டும் பறந்து முகத்துக்கு வரும். சத்தத்துக்கு இழுக்காதீர்கள், கனத்துக்கு இழுங்கள். தவளை காணாமல் போய்விட்டதா என்று பார்த்து, ராடை மீன் பக்கம் தாழ்த்தி, தளர்வைச் சுற்றி எடுத்து, நரம்பில் கனம் தெரிந்ததும் ஒரே இழுப்பாக மேலே வெட்டுங்கள். ஒரு நொடி, ஒன்றரை நொடி விஷயம்தான். கொக்கி ஏறிவிட்டால் அதற்கப்புறம் இரக்கம் காட்டக் கூடாது: டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கிற ரீலின் பிரேக்கை, முன்பே இறுக்கி வைத்திருக்க வேண்டும், மீன் தலையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே வைத்து விடாமல் சுற்ற வேண்டும். ஒரு முழம் கீழே போக விட்டீர்களானால் தண்டைச் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றிக்கொண்டால் பலம் போட்டு இழுக்காதீர்கள், நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி அரை நிமிஷம் சும்மா இருங்கள், பல தடவை மீன் தானாகவே வெளியே வரும். தண்ணீருக்குள் இறங்கிப் போய் எடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நம் ஏரிகளில் மண் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று மேலேயிருந்து தெரியாது, முழங்கால் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை முழுங்கும் ஆழமாகிவிடும். ஒரு தவளை போனால் போகட்டும்.

இப்போது எனக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் ஏரி ஓரத்தில் தண்ணீர் மட்டத்தில் ஒரு முறம் அகலத்துக்குச் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் ஒன்று கொதிக்கிற மாதிரி மேலும் கீழுமாக வந்துபோவதைப் பார்ப்பீர்கள். அது விரால் குஞ்சு. அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேலே எதைப் போட்டாலும் பெரிய மீன் அடிக்கும், பசிக்காக அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. இது தெரிந்துதான் நிறையப் பேர் அதைத் தேடி அலைகிறார்கள், வீடியோவும் போடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். காவல் மீனை எடுத்த கொஞ்ச நேரத்தில் கெளுத்தியும் மற்ற மீன்களும் கொக்கும் வந்து அந்தக் குஞ்சுகளைக் காலி செய்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையே போகிறது. குத்தகைக்காரர் விரால் குஞ்சு வாங்கி விடுவது அபூர்வம், நம் ஏரியில் விரால் இருப்பதே இந்தச் செக்கச்செவேல் கூட்டம் பிழைத்தால்தான். பார்த்தால் இருபது அடி தள்ளிப் போய் வேறு இடத்தில் வீசுங்கள். கூட வந்தவர் போட்டால் தடுத்துச் சொல்லுங்கள், அதில் கூச்சம் எதற்கு?

விராலுக்குப் பல் உண்டு, வாயில் கட்டைவிரலை விட்டுத் தூக்காதீர்கள். கையை முதலில் நனைத்துக்கொண்டு, தலைக்குப் பின்னால் ஒரு கை, வயிற்றுக்கு அடியில் ஒரு கை வைத்து, இடுக்கியால் கொக்கியை எடுங்கள். சூடான கரைக்கல் மேலே போட்டு ஃபோட்டோ எடுக்காதீர்கள். விடுவதென்றால் தண்ணீருக்குள் பிடித்து வைத்து, அது உடம்பை முறுக்கியதும் கையைத் திறங்கள். சமைக்க என்றால் ஒரு வீட்டுக்கு ஒரு மீன் போதும், நடுத்தர மீனாக எடுத்துக்கொண்டு, பெரிய மீனை விடுங்கள், அதுதான் நிறைய முட்டையிடும். எடுப்பதாக முடிவு செய்தால் அங்கேயே தலையில் ஓங்கி ஒரு அடி அடித்து முடித்துவிட வேண்டும். காற்றைக் குடிக்கிற மீன் என்பதால் பைக்குள் போட்டால் மணிக்கணக்கில் சாகாமல் தவிக்கும்.

வேறு மீன் மாட்டுவதும் உண்டு. கெளுத்தி என்றால் இரண்டு பக்கத்திலும் முதுகிலும் இருக்கிற முள் ஜாக்கிரதை, குத்தினால் கடுக்கும், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் குறையும். ஆமை மாட்டினால் பத்திரமாகக் கொக்கியை எடுத்து உடனே விட்டுவிட வேண்டும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்கள் கையில் ரப்பர் தவளையைக் கொடுக்காமல் ஒரு மூங்கில் குச்சி, தங்கூசி, தக்கை, சின்னக் கொக்கி, மண்புழு கொடுத்து, கல் பதித்த கரைப்பக்கம் உட்கார வையுங்கள். ஜிலேபி வந்துகொண்டே இருக்கும், அவர்களுக்கும் அலுக்காது. கெண்டைக்கு மணிலாப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து உருண்டை பிடிப்பது தனிக் கலை, அதை இங்கே சேர்த்தால் முடியாது.

பாம்பு பற்றிப் பயம் இருப்பது நல்லது. தண்ணீரில் தலை தூக்கி நீந்துவது பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு. ஆனால் கரைப் புல்லிலும் கல் இடுக்கிலும் கண்ணாடி விரியன் கிடக்கும், அதனால்தான் ஷூவும் டார்ச்சும். கடித்துவிட்டால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், ஆளை நடக்கவிடாமல் வண்டியில் வைத்துப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஓட்டுங்கள் அல்லது 108க்கு அடியுங்கள். வேலூருக்குப் பக்கம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இடி இடிக்க ஆரம்பித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு ஏரிக்கு வெளிப்பக்கமாக இறங்குங்கள், திறந்த ஏரிக்கரையில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் ராடும்தான்.

கிளம்பும்போது அறுந்த நரம்பை ஒரு துண்டு விடாமல் சுருட்டிப் பையில் போடுங்கள். நாரையும் நீர்க்காகமும் அதில் கால் சிக்கிச் சாகிறது, மேய வருகிற ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதே கதிதான். வீட்டுக்கு வந்ததும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவித் துடைத்து நிழலில் காயவிட்டு, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். தவளையின் வயிற்றை அமுக்கி உள்ளே போன தண்ணீரைப் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் கொக்கி துருப்பிடித்திருக்கும், தவளையும் மிதக்காது.